முதுகுப்பையும் மூன்று தோழியரும்

நுழையும்முன்

கோடை விடுமுறையில் இரண்டு இரவுகள் தொடர்வண்டியில் பயணம் செய்து தமிழ்நாட்டுக்குச் செல்வது உங்களுள் பலருக்குப் பழக்கமானது. இப்பாடத்தில் வரும் மூவரும் அவ்வாறு வளர்ந்தவர்களே. ஆனால் அவர்கள் இம்முறை சென்ற திசை வேறு. ஜப்பான் நாட்டு வரைபடம் ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா ஆகிய நான்கு நகரங்களையும் முதலில் கண்டறிந்து வட்டமிடுங்கள்.

பாடம்

ஒருத்தி அகமதாபாத்தில் வளர்ந்தவள், ஒருத்தி நாக்பூரில், மற்றொருத்தி கொல்கத்தாவில். மூவர் வீட்டிலும் தமிழே பேச்சுமொழி. ஆயினும் தெருவில் குஜராத்தியும் மராத்தியும் வங்காளமும் பேசி வளர்ந்தவர்கள். ஐதராபாத்தில் ஒரே அலுவலகத்தில் பணிக்குச் சேர்ந்து தோழியரானபோது, மூவருக்கும் எளிதாக வாய்த்த பொதுமொழிகள் ஆங்கிலமும் இந்தியுமே. தமிழ், இரவில் அம்மாவோடு தொலைபேசியில் பேசும் மொழியாக மட்டும் எஞ்சியிருந்தது.

இரண்டு ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு நவம்பர் மாதத்தில் பதினொரு நாள் ஜப்பான் செல்வது என்று முடிவு செய்தனர். சுற்றுலா நிறுவனத்தை நாடவில்லை. விசாவுக்கு விண்ணப்பித்தல், தங்குமிடம் தேடுதல், பேருந்துச் சீட்டுப் பதிதல் அனைத்தையும் தாமே செய்தனர். ஆளுக்கொரு முதுகுப்பை, அதன் எடை ஏழு கிலோவுக்கு மேற்படக்கூடாது என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட முதல் விதி. குறைந்த கட்டண விமானங்கள் பல, கையில் எடுத்துச் செல்ல அந்த அளவையே அனுமதிக்கின்றன.

ஏழு கிலோவுக்குள் பதினொரு நாளை அடக்குவது எளிதன்று. நான்கு மாற்றுடை, ஒரு கம்பளிச் சட்டை, மெல்லிய மழைச்சட்டை, மருந்து, சிறிய துண்டு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். துணியை வழியில் துவைத்துக்கொள்ளலாம்; காசு போட்டு இயக்கும் துவைப்பு எந்திரங்கள் ஜப்பானில் தெருவுக்குத் தெரு உண்டு. கனமான பொருள்களைப் பையின் நடுப்பகுதியில் முதுகோடு ஒட்டி வைக்க வேண்டும். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால் பாரம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கும். அகமதாபாத் தோழியின் பைக்குள் அவள் தாயார் ஒரு பொட்டலம் புளியோதரைப் பொடியைச் செருகியிருந்தார். எடை பார்த்தபோது அதற்காக ஒரு சட்டையை வெளியே எடுக்க நேர்ந்தது. பொடியை எடுக்க எவருக்கும் மனம் வரவில்லை.

செலவுக்கு ஒரு பொதுப்பை வைத்தனர். மூவரும் சமமாக யென் பணம் இட்டனர். தங்குமிடம், உணவு, போக்குவரத்து ஆகியவை பொதுப்பையிலிருந்து. தனக்கென்று வாங்குவது தன் கைப்பணத்திலிருந்து. கணக்கு எழுதும் பொறுப்பு நாக்பூர் தோழிக்கு. 100 யென் என்பது அப்போது நம் பணத்தில் ஏறத்தாழ 55 ரூபாய். அவளோ முதல் நாளிலேயே ரூபாயாக மாற்றிப் பார்ப்பதை நிறுத்திவிடும்படி மற்ற இருவரிடமும் கேட்டுக்கொண்டாள். "ஒவ்வொரு தேநீரையும் ரூபாயில் எண்ணினால் ஒரு நாட்டையும் பார்க்க முடியாது" என்பது அவள் கட்சி.

டோக்கியோ

இந்நகரின் பழம்பெயர் எடோ. 1868-இல் 'கிழக்குத் தலைநகர்' எனப் பொருள்படும் டோக்கியோ என்னும் பெயரைப் பெற்றது. அதற்கு முன் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பேரரசரின் இருப்பிடமாக விளங்கியது கியோட்டோ. தோழியர் தங்கியது பெண்களுக்கான பொது உறைவிடம். ஓர் அறையில் எட்டுப் படுக்கைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. படுக்கைக்கு ஒரு திரை, ஒரு விளக்கு. காலணியை வாயிலிலேயே கழற்றிவிட வேண்டும். அவ்வழக்கத்தைக் கற்பதில் நம்மவர்க்குச் சிரமம் ஏதுமில்லை.

முதல் இரண்டு நாளும் பணம் செலவாகாத இடங்களாகவே பார்த்தனர். 634 மீட்டர் உயரமுள்ள ஸ்கைட்ரீ கோபுரத்தில் ஏறக் கட்டணம் அதிகம். அதற்கு மாறாக, ஷின்ஜுகு பகுதியில் உள்ள பெருநகர அரசு அலுவலகக் கட்டடத்தின் 45-ஆம் தளத்திற்குக் கட்டணமின்றிச் செல்லலாம். 202 மீட்டர் உயரத்திலிருந்து நகரைக் காணலாம். வானம் தெளிந்திருந்தால் ஃபூஜி மலையும் தெரியும். அசகுசாவில் உள்ள சென்சோஜி கோயிலுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. அங்குள்ள கடைகளில் கண்விழி தீட்டப்படாத உருண்டைச் சிவப்புப் பொம்மைகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு வேண்டுதலை நினைத்து ஒரு கண்ணையும், அது நிறைவேறியபின் மறு கண்ணையும் தீட்டுவர். பொம்மையின் பெயர் தாருமா. போதிதருமர் என்பதே ஜப்பானிய நாவில் அவ்வாறு ஆயிற்று. அவர் காஞ்சிபுரத்திலிருந்து சென்றவர் என்பது நம்மிடையே வழங்கும் மரபுச் செய்தி.

ஷின்ஜுகு தொடர்வண்டி நிலையம் உலகிலேயே மக்கள் நெரிசல் மிக்கது. நாள்தோறும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைக் கடக்கின்றனர். அதன் வாயில்கள் 200-க்கும் மேற்பட்டவை. அங்கே மூன்றாம் நாள் ஓர் இடர் நேர்ந்தது. இருவர் வண்டிக்குள் ஏறியதும் கதவு மூடிக்கொண்டது; நாக்பூர் தோழி நடைமேடையிலேயே நின்றுவிட்டாள். மூவருக்கும் பொதுவான இணையக் கருவியோ வண்டிக்குள் சென்றவர்களின் பையில் இருந்தது. அவளது கைப்பேசி அந்தக் கணமே வெறும் கடிகாரமாயிற்று.

வண்டியில் சென்ற இருவரும் அடுத்த நிலையத்தில் இறங்கி, வரும் வண்டிகளை எல்லாம் பார்த்து நின்றனர். ஐந்து வண்டிகள் வந்தன, அவள் வரவில்லை. அப்போதுதான் கொல்கத்தா தோழிக்கு, புறப்படுவதற்கு முன் மூவரும் பேசி வைத்த ஏற்பாடு நினைவுக்கு வந்தது. பிரிய நேர்ந்தால் ஷிபுயா நிலையத்தின் முன்னுள்ள நாய்ச் சிலையருகே வந்து நிற்க வேண்டும். பரபரப்பில் அதனை மறந்துவிட்டிருந்தனர். திரும்பி ஷிபுயா சென்றபோது ஒன்றரை மணி நேரம் கழிந்திருந்தது. நாக்பூர் தோழி சிலையின் காலடியில் அமர்ந்து கணக்கேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

அச்சிலை ஹச்சிகோ என்னும் நாயினுடையது. ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் வளர்த்த நாய் அது; மாலைதோறும் நிலையத்தில் அவரை எதிர்கொள்ளும். 1925-இல் அவர் பணியிடத்திலேயே இறந்தார். நாய் அதன் பின்னும் 1935-இல் தான் இறக்கும் வரை ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதே இடத்திற்கு வந்து காத்திருந்தது. போர்க்காலத்தில் அச்சிலை உருக்கப்பட்டமையால், இன்று நிற்பது 1948-இல் வைத்த இரண்டாம் சிலை. டோக்கியோ மக்களும் ஒருவரையொருவர் சந்திக்கக் குறிப்பிடும் இடம் அதுவே. ஆகையால் அன்று அங்கே காத்திருந்தவள் அவள் ஒருத்தி மட்டும் அல்லள்.

சோறும் சொல்லும்

அகமதாபாத் தோழி மரக்கறி உண்பவள். ஜப்பானில் இது பெரிய சோதனை. காயும் கீரையும் அங்குக் குறைவில்லை. ஆனால் குழம்பு, ரசம், சாறு எதுவாயினும் உலர்த்திய மீனில் இறக்கிய 'தாஷி' என்னும் நீரே அதற்கு அடிப்படை. கண்ணுக்கு மீன் தெரியாது, சுவையில் இருக்கும். அதனால் அவள் பெரிதும் நம்பியது கடைகளில் கிடைக்கும் 'ஒனிகிரி'யை. முக்கோணமாகப் பிடித்த சோற்றுருண்டை. வெளியே கடற்பாசித் தாள். உள்ளே 'உமெபொஷி' இருப்பதைப் பார்த்து எடுக்க வேண்டும். 'உமெ' என்னும் கனியை உப்பில் ஊறவைத்து வெயிலில் உலர்த்திச் செய்வது அது. ஒரு கடி கடித்தவள், "இது நம் வீட்டு உப்பு நார்த்தங்காய்" என்றாள், தமிழில். மற்ற இருவருக்கும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. உப்பு நார்த்தங்காய்க்கு இந்தியிலோ ஆங்கிலத்திலோ அவளிடம் சொல்லும் இல்லை.

ஷின்ஜுகுவிலேயே 'நகமுராயா' என்னும் பழைய உணவகம் உண்டு. ஆங்கில அரசின் கையில் அகப்படாமல் 1915-இல் ஜப்பானுக்குத் தப்பிச் சென்ற வங்காளப் புரட்சியாளர் ராஷ் பிகாரி போஸுக்கு அடைக்கலம் தந்த குடும்பம் அதனை நடத்தியது. அவர் அவ்வீட்டு மகளை மணந்தார். 1927-இல் அங்கே இந்திய முறைக் கறிச்சோறு அறிமுகமானது. கொல்கத்தா தோழி அதனை வாயிலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். விலைப்பட்டியலைப் படித்த நாக்பூர் தோழியின் முகமே போதுமானதாக இருந்தது.

நான்காம் நாள், வழி தவறிய ஒரு சந்தில் முதிய அம்மையார் ஒருவரிடம், "எகி வா தோகோ தெசு கா?" என்று மனப்பாடம் செய்த தொடரைச் சொல்லி நிலையம் எங்கே என்று வினவினர். அவர் விரைவாகப் பத்துத் தொடர்கள் பேசினார், ஒன்றும் விளங்கவில்லை. பின்பு அவரே கையிலிருந்த காய்கறிப் பையுடன் முன்னால் நடந்து, நிலைய வாயில் வரை கொண்டுவந்து விட்டுச் சென்றார். விளங்காத மொழியில் ஒருவரிடம் வழி கேட்பது எத்தகையது என்பது உங்கள் பெற்றோருக்குத் தெரியும். அவர்கள் இந்நகருக்கு வந்த முதல் வாரத்தில் கேட்டிருப்பர்.

அன்றிரவு உறைவிடத்தின் பொது அறையில் சிறுவர்க்கான எழுத்து அட்டவணை ஒன்று தொங்கியதைக் கொல்கத்தா தோழி கண்டாள். ஆங்கில எழுத்தில் ஒலிப்பும் குறிக்கப்பட்டிருந்தது. முதல் வரிசை: அ, இ, உ, எ, ஒ. அடுத்து வந்தவை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அவள் இருமுறை வாய்விட்டுப் படித்தாள். ஹ என்னும் அவ்வரிசை பழங்காலத்தில் ப என ஒலித்தது என்பது மொழிநூலார் முடிபு. அதனைப் பகரமாக வைத்துப் படித்துப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. நீங்கள் முதல் வகுப்பில் கற்ற வரிசை கேட்கிறதா? இஃது ஏதோ தற்செயல் அன்று. இந்திய எழுத்துமுறையைப் பௌத்த நூல்கள் வழியே கற்ற ஜப்பானியத் துறவியர், தம் மொழியின் ஒலிகளை அம்முறையில் அடுக்கினர்.

தொடரமைப்பிலும் ஒப்புமை உண்டு. ஜப்பானிய மொழியில் வினைச்சொல் இறுதியில் நிற்கும். வேற்றுமை உருபு போன்ற சொற்கள் பெயருக்குப் பின் வரும். 'டோக்கியோ நி இகிமாசு' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், 'டோக்கியோவுக்குப் போகிறேன்' என்று வரும். இறுதியில் 'கா' சேர்த்து 'இகிமாசு கா?' என்றால் 'போகிறீர்களா?' என்று பொருள்; நம் ஆகார வினாவைப் போன்றதே அது. இந்தியிலும் வினை இறுதியில் வருமாயினும், ஆம் அல்லது இல்லை என விடை வேண்டும் வினாவின் சொல் பெரும்பாலும் தொடரின் முதலிலேயே வந்துவிடும். சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல்லாண்டுகள் ஆய்ந்து எழுதினார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. அமைப்பு ஒத்திருப்பது வேறு, ஒரு தாய் வயிற்றில் பிறப்பது வேறு. ஒப்புமை உண்டு என்று மகிழலாம். உறவு நிறுவப்பட்டுவிட்டது என்று பேசுதல் ஆகாது.

கியோட்டோவில் மனத்தாங்கல்

டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 515 கிலோமீட்டர் நீளத்தில் 1964-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஓடத் தொடங்கியது, உலகின் முதல் அதிவேகத் தொடர்வண்டியான ஷின்கான்சென். கியோட்டோ அவ்வழியில் உள்ளது. இரண்டேகால் மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். தோழியர் இரவுப் பேருந்தில் எட்டு மணி நேரம் சென்றனர். கட்டணம் பாதிக்கும் குறைவு. ஓர் இரவுத் தங்கற்செலவும் மிச்சம். உறக்கம்தான் இல்லை.

உறங்காத மூவர், ஏழாம் நாள் இரவு சண்டையிட்டனர். பொதுப்பையில் இருந்த பணம் ஒன்றுக்கே போதும்: ஒசாகாவில் உள்ள பெரிய கேளிக்கைப் பூங்கா, அல்லது ஹிரோஷிமா. பூங்காவுக்குச் செல்வது அகமதாபாத் தோழியின் நெடுநாள் ஆசை. ஹிரோஷிமாவுக்குச் செல்வது கொல்கத்தா தோழியின் ஆசை. ஐந்தாம் வகுப்பில் சடாகோ என்னும் சிறுமியின் கதையைப் படித்த நாள் முதல் அவள் அதனை மனத்தில் வைத்திருந்தாள்.

"விடுமுறையில் வந்து அழுவதற்கா இவ்வளவு சேமித்தோம்?" என்றாள் ஒருத்தி.

"இராட்டினம் எந்த ஊரிலும் இருக்கிறது" என்றாள் மற்றவள்.

கணக்கெழுதுபவள் இருவருக்கும் நடுவே அமர்ந்து, முன்பே பேசி முடிவெடுக்காமல் வந்தது தவறு என்றாள். அது உண்மை. ஆனால் அந்நேரத்தில் எவருக்கும் உதவாத உண்மை.

மறுநாள் மூவரும் தனித்தனியே சென்றனர். சேர்ந்து பயணம் செய்வோர் ஒரு நாள் பிரிந்து நடப்பதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. சில வேளைகளில் அதுவே மருந்து. நாக்பூர் தோழி, கட்டணமில்லாத ஃபுஷிமி இனாரி மலைக்குச் சென்று ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரண வாயில்களின் ஊடே ஏறினாள். கொல்கத்தா தோழி நாரா நகருக்குச் சென்றாள். அங்குத் தோதாய்ஜி கோயிலில் 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தர் இருக்கிறார். அவருக்கு 752-இல் கண்திறப்புச் சடங்கை நடத்தியவர், இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் துறவி.

அகமதாபாத் தோழி சஞ்சுசங்கேந்தோ கோயிலுக்குச் சென்றாள். 120 மீட்டர் நீளமுள்ள ஒரே மண்டபம். அதனுள் 1001 கன்னோன் திருமேனிகள். அவற்றின் காவல் தெய்வங்களாக இந்திரனும் பிரமனும் கருடனும் ஜப்பானிய முகத்தோடு நிற்கின்றனர். மாலையில் உறைவிடத்தின் நூலடுக்கில் கிடைத்த வரலாற்று நூல் ஒன்றைப் புரட்டியவள், ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். 1945-இல் அணுகுண்டு வீசத் தேர்ந்தெடுத்த நகரங்களின் பட்டியலில் கியோட்டோவும் இருந்தது. அமெரிக்கப் போர் அமைச்சர் ஸ்டிம்சன் அதனை நீக்கும்படி வலியுறுத்தினார். அதன்பின் பட்டியலில் சேர்ந்தது நாகசாகி. ஹிரோஷிமா தொடக்கம் முதலே பட்டியலில் இருந்தது.

மற்ற இருவரும் திரும்பியதும் அவள் அப்பக்கத்தைக் காட்டினாள். "இன்று பகல் முழுதும் நான் பார்த்தது, இல்லாமல் போயிருக்கக்கூடிய ஊர். இன்னோர் ஊரையும் பார்த்துவிட்டுப் போவோம்" என்றாள். பூங்காவைப் பற்றி அதன்பின் பேச்சு எழவில்லை. ஆனால் ஹிரோஷிமாவிலிருந்து திரும்பும்போது ஒருமுறையாவது ஷின்கான்செனில் அழைத்துச் செல்ல வேண்டும் என்று கேட்டாள். கணக்குப் பார்க்கப்பட்டது. இரண்டு நாள் இரவுணவைச் சுருக்கினால் இயலும் என்று விடை வந்தது.

ஹிரோஷிமா

அங்கே டிராம் வண்டிகள் ஓடுகின்றன. 1945 ஆகஸ்டு 6, காலை 8.15-க்குக் குண்டு வெடித்தது. மூன்றே நாளில், எரிந்த நகரின் ஒரு பகுதியில் டிராம் மீண்டும் ஓடியது. அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தோர் ஏறத்தாழ 1,40,000 பேர். செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்செல் வடிவமைத்த கண்காட்சி மாளிகை ஒன்று, கூரையிழந்த இரும்புக் கூடாக ஆற்றங்கரையில் அப்படியே நிற்கிறது.

நினைவு அருங்காட்சியகத்தில் ஒரு மூன்று சக்கர மிதிவண்டி இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை அதன்மேல் இருந்தபோது குண்டு வெடித்தது. குழந்தை அன்றிரவு இறந்தது. தனியே கல்லறையில் விட மனமில்லாத தந்தை, குழந்தையையும் வண்டியையும் வீட்டுத் தோட்டத்திலேயே சேர்த்துப் புதைத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து வண்டியைத் தோண்டியெடுத்து அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அகமதாபாத் தோழி அதன்முன் வெகுநேரம் நின்றாள்.

சடாகோ சசாகிக்குக் குண்டு விழுந்தபோது வயது இரண்டு. பத்தாண்டுக்குப் பின் இரத்தப் புற்றுநோய் கண்டது. ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்தால் வேண்டுதல் நிறைவேறும் என்னும் நம்பிக்கையில், மருத்துவமனையில் மருந்துத்தாள்களைக் கூட விடாமல் மடித்தாள். 1955 அக்டோபரில் பன்னிரண்டு வயதில் இறந்தாள். அவளுடைய வகுப்புத் தோழர்கள் நாடெங்கும் எழுதித் திரட்டிய பணத்தில் 1958-இல் எழுந்தது சிறுவர் அமைதிச் சின்னம். உலகின் பல பகுதிகளிலிருந்தும் இன்றும் அங்குக் கொக்குகள் வந்து குவிகின்றன.

மூவரும் ஆற்றங்கரையில் அமர்ந்து, கணக்கேட்டின் வெற்றுத்தாள்களைக் கிழித்துக் கொக்கு மடித்தனர். மடிக்கத் தெரிந்தவள் ஒருத்தியே. மற்ற இருவருக்கும் கற்றுத்தந்தாள். "இந்த முனையை உள்ளே மடி. இல்லை, இப்படி. அழுத்திவிடு." பேச்சு தமிழிலேயே நடந்தது. நாக்பூர் தோழிதான் அதனை முதலில் கவனித்தாள். ஆனால் சொன்னால் நின்றுவிடுமோ என்று எண்ணி, வாய் திறவாமல் மடித்துக்கொண்டிருந்தாள்.

ஷின்கான்சென் ஒன்றரை மணி நேரத்தில் அவர்களை ஒசாகாவுக்குக் கொண்டு வந்தது. அந்த ஊரில் மின்படியில் வலப்புறம் நிற்க வேண்டும், டோக்கியோவில் இடப்புறம். எஞ்சிய ஒரே நாளில் கோட்டையையும் தோதொன்போரி கால்வாய்க் கடைத்தெருவையும் பார்த்தனர். வாங்கித் தின்னவில்லை, வேடிக்கை பார்த்தனர். கடலை நிரப்பி எழுப்பிய தீவின்மேல் உள்ள கன்சாய் விமான நிலையத்தில் பொதுப்பையைக் கவிழ்த்தபோது 570 யென் நாணயங்களாகத் தேறியது. நாணயங்களைப் பெரும்பாலும் எங்கும் மாற்றித்தர மாட்டார்கள். மூன்று ஒனிகிரி வாங்கினர், மூன்றும் உமெபொஷி. எஞ்சியிருந்த புளியோதரைப் பொடியை மேலே தூவிக்கொண்டு, விமானத்துக்கு அழைக்கும் வரை உண்டனர்.

சொற்பொருள்

உறைவிடம் – தங்குமிடம். பொட்டலம் – தாளில் மடித்துக் கட்டிய சிறு கட்டு. மனத்தாங்கல் – மன வருத்தம். கேளிக்கை – பொழுதுபோக்கு விளையாட்டு. மரக்கறி – காய்கறி உணவு. முடிபு – ஆய்ந்து கண்ட முடிவு. எஞ்சிய – மீதியான.

பயிற்சி

அ. மூன்று நான்கு தொடர்களில் விடை எழுதுக.

1. நாக்பூர் தோழியின் கைப்பேசி 'வெறும் கடிகாரமாயிற்று' என்று கூறப்படுவது ஏன்?
2. ஜப்பானிய எழுத்து வரிசை தமிழ் வரிசையை ஒத்திருப்பதற்குப் பாடம் கூறும் காரணம் யாது?
3. கியோட்டோவில் அகமதாபாத் தோழி தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டது ஏன்? நீங்கள் அவ்விடத்தில் இருந்தால் எதனைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள்?

ஆ. 'அவர் வருகிறார்' என்னும் தொடரை வினாத்தொடராக மாற்றி எழுதுக. நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியிலும் அவ்வாறே மாற்றி, வினாச்சொல் எவ்விடத்தில் வருகிறது என்று ஒப்பிடுக.

இ. வீட்டுப்பணி: உங்கள் தாயோ தந்தையோ தாத்தாவோ இந்நகருக்கு முதன்முதலாக வந்த நாளில் எவரிடம், எந்த மொழியில், எதைக் கேட்டனர்? அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே பத்து வரிகள் எழுதி வருக.